மாணவர் இடாப்புக்கும் பாடப் பட்டியலுக்கும் நடுவே: மூன்றாவது அட்டவணையின் வரலாறு

ஒரு மாணவர் பல பாடங்களைப் படிக்கிறார். ஒரு பாடத்தைப் பல மாணவர்கள் படிக்கிறார்கள். இந்த இரண்டு வசனங்களும் ஒரே நேரத்தில் உண்மை. இதைக் கணினியில் பிழை வராமல் எழுதி வைப்பது எப்படி?

எமது ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கிறார்கள். படித்து முடித்த கையோடு பாடசாலை நூலகத்துக்கு, விளையாட்டுக் கழகத்துக்கு, பழைய மாணவர் சங்கத்துக்கு என்று சிறு சிறு இணையச் செயலிகளைச் செய்து தருகிறார்கள். நாமும் பாராட்டுகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். ஆனால் அவற்றில் சில ஒரு வருடம் தாண்டுவதற்குள் கைவிடப்படுகின்றன. மீண்டும் கொப்பியும் பேனாவும் வெளியே வருகின்றன. திரை அழகாக இல்லாததால் அப்படி நடப்பதில்லை. உள்ளே தகவலை அடுக்கிய விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கிறது. அதிலும் மேலே கேட்ட அந்தச் சின்னக் கேள்விக்குச் சரியான விடை கொடுக்காததே முதல் காரணமாக இருக்கிறது.

அந்த விடைக்கு ஒரு வரலாறு உண்டு. பாடப் புத்தகத்தில் அது இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அதனால் பிள்ளைகள் விதியை மனனம் செய்கிறார்கள், காரணத்தை அறிவதில்லை. கணினி படிக்காத பெற்றோரும் வாசிக்கக்கூடிய விதத்தில் அந்த வரலாற்றை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

1. முதலில் பிரச்சினை என்ன?

சாதாரண தரத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு கட்டாயப் பாடங்கள், மூன்று தொகுதிப் பாடங்கள். கட்டாயப் பாடங்களில் சிக்கல் குறைவு. தொகுதிப் பாடங்களில்தான் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு திசை. ஒருவர் புவியியல் எடுப்பார், மற்றவர் குடியியல் எடுப்பார், இன்னொருவர் வணிகக் கல்வி எடுப்பார்.

புதிதாகச் செயலி எழுதும் பிள்ளை வழமையாக மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறது.

முதல் வழி: மாணவர் அட்டவணையிலேயே 'பாடம் 1', 'பாடம் 2', 'பாடம் 3' என்று மூன்று நிரல்களைச் சேர்ப்பது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் "சித்திரம் படிப்பவர்கள் யார்?" என்று கேட்டால் மூன்று நிரல்களிலும் தேட வேண்டும். நாளை நான்காவது ஒன்று வந்தால் அட்டவணையையே உடைத்துக் கட்ட வேண்டும்.

இரண்டாவது வழி: ஒரே கட்டத்துக்குள் 'புவியியல், சித்திரம், மனைப் பொருளியல்' என்று காற்புள்ளி போட்டு எழுதுவது. மனிதர் வாசிக்க இது போதும். கணினிக்கோ அது வெறும் எழுத்துக்களின் ஒரு சரம். யாரோ 'புவியியல்' என்பதை 'புவியல்' என்று தட்டிவிட்டால் அந்தப் பிள்ளை கணக்கிலிருந்து சத்தமில்லாமல் மறைந்து விடுவார்.

மூன்றாவது வழி: ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வரியாக மாணவரின் பெயர், முகவரி, பிறந்த திகதி எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப எழுதுவது. முகவரி மாறினால் மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். இரண்டு இடத்தில் மாற்றி ஓரிடத்தில் மறந்தால் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது.

இந்த மூன்று வழிகளின் சங்கடங்களையும் உலகம் 1960களிலேயே வேறு உருவங்களில் அனுபவித்துவிட்டது.

2. சந்திரனுக்குப் போன ராக்கெட்டின் உதிரிப்பாகங்கள்

1960களில் அமெரிக்காவின் அப்பல்லோத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. விண்கலத்தின் பெரும் பகுதிகளை நோர்த் அமெரிக்கன் ரொக்வெல் நிறுவனம் செய்தது. எந்தப் பாகம் எந்தத் தொகுப்புக்குள் வருகிறது, அந்தத் தொகுப்பு எந்தப் பெரிய தொகுப்புக்குள் வருகிறது என்ற பட்டியலைப் பராமரிப்பதே பெரும் தலையிடியாக இருந்தது. அதற்காக ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு தரவுத்தள முறைமை உருவாக்கப்பட்டது. பின்னர் அது ஐஎம்எஸ் என்று பெயர் பெற்றது. 1968 ஓகஸ்ட் மாதம் கலிபோர்னியாவின் டவுனி நகரில் அது முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. இன்றும் உலகின் பெரிய வங்கிகள் சிலவற்றில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஐஎம்எஸ் தகவலை ஒரு மரம் போல அடுக்கியது. மேலே வேர், அதிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து சிறு கிளைகள். ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு தாய். ஒரு வலயத்துக்குள் பல பாடசாலைகள், ஒரு பாடசாலைக்குள் பல வகுப்புகள் என்பது போன்ற விடயங்களுக்கு இது மிகப் பொருத்தமானது.

ஆனால் ஓர் ஆணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவு ஆணி நூறு தொகுப்புகளில் பயன்படும். ஒவ்வொரு தொகுப்புக்கும் பல வகை ஆணிகள் தேவைப்படும். மரத்தில் அந்த ஆணியை எந்தக் கிளையில் வைப்பது? நூறு கிளைகளிலும் எழுதினால் மேலே சொன்ன மூன்றாவது வழியின் துன்பம். ஒரே இடத்தில் எழுதினால் மற்றத் தொகுப்புகளுக்கு அது தெரியாது. ஐஎம்எஸ் காலப்போக்கில் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குச் சுட்டிக்காட்டும் ஏற்பாடுகளைச் சேர்த்துக்கொண்டது. இருந்தாலும் அடிப்படை மரமாகவே இருந்தது.

3. பக்மனின் வலைப்பின்னல்

அதே காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சார்ள்ஸ் பக்மன் என்ற பொறியியலாளர் வேறொரு வழியில் போனார். 1960களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய ஐடிஎஸ் என்ற முறைமையில் ஒரு பதிவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட 'உரிமையாளர்' இருக்க முடிந்தது. மரம் வலையாக மாறியது. இந்தச் சிந்தனையைப் பின்னர் கோடசில் என்ற குழு எடுத்து விரித்து, 1971இல் ஒரு விரிவான அறிக்கையாக வெளியிட்டது.

எமது கதைக்கு முக்கியமான விடயம் இங்கேதான் முதன்முதலில் தெளிவாகத் தலைகாட்டுகிறது. கோடசில் முறையில் ஓர் உரிமையாளருக்குப் பல உறுப்பினர்கள் இருக்கலாம். ஆனால் 'பலருக்குப் பலர்' என்ற உறவை நேரடியாக எழுத முடியாது. ஆகவே நடுவில் ஒரு சிறு இணைப்புப் பதிவை வைத்தார்கள். அந்தப் பதிவுக்கு இரண்டு உரிமையாளர்கள். ஒரு பக்கம் மாணவர், மறு பக்கம் பாடம். நடுவில் 'இந்த மாணவர் இந்தப் பாடத்தை எடுத்துள்ளார்' என்று சொல்லும் பதிவு. மூன்றாவது அட்டவணையின் மூதாதை இதுதான்.

குறை எங்கே இருந்தது? பயணத்தில் இருந்தது. தகவலை எடுக்க வேண்டுமானால் நிரலாளரே வழிகாட்டியைப் போல ஒவ்வொரு பதிவாகப் பிடித்து, சங்கிலியைப் பின்தொடர்ந்து, அடுத்ததற்குப் போக வேண்டும். 1973இல் பக்மனுக்குக் கணினித் துறையின் அதியுயர் விருதான டியூரிங் விருது கிடைத்தபோது அவர் ஆற்றிய உரையின் தலைப்பே நிரலாளரை ஒரு மாலுமியாக வருணித்தது. அவர் அதைப் பெருமையாகவே சொன்னார். ஆனால் வழி மாறினால் மாலுமியின் வரைபடம் முழுவதும் பிழையாகிவிடும். அதையே குறையாகப் பார்த்த ஒருவர் ஏற்கனவே எழுதத் தொடங்கியிருந்தார்.

4. கொட் காட்டிய ஐந்து அமைப்புகள்

எட்கார் கொட் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர். ஒக்ஸ்போர்டில் கணிதம் படித்து, அமெரிக்காவின் சன் ஹோசேயில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் பணியாற்றினார். 1970 ஜூன் மாதம் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை தரவுத்தள உலகின் திசையை மாற்றியது. பெரிய தரவு வங்கிகளுக்கான உறவு மாதிரி பற்றியது அந்தக் கட்டுரை.

அதன் ஆரம்பப் பக்கங்களிலேயே எமது கேள்வி இருக்கிறது. கொட் எடுத்த உதாரணம் இரண்டு விடயங்கள்: உதிரிப்பாகங்களும் திட்டங்களும். ஒரு திட்டத்துக்குப் பல பாகங்கள் ஒதுக்கப்படும். ஒரு பாகம் பல திட்டங்களுக்கு ஒதுக்கப்படும். இதைக் கோப்புகளில் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று அவர் ஐந்து அமைப்புகளை வரிசைப்படுத்திக் காட்டினார். பாகத்தின் கீழ் திட்டம். திட்டத்தின் கீழ் பாகம். இரண்டும் சமமாக நிற்க, ஒதுக்கீடு திட்டத்தின் கீழ். இரண்டும் சமமாக நிற்க, ஒதுக்கீடு பாகத்தின் கீழ். ஐந்தாவதாக, பாகம், திட்டம், ஒதுக்கீடு மூன்றும் சமமாக.

பிறகு ஓர் எளிய வேலையைக் கொடுத்தார். குறித்த ஒரு திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட பாகங்களின் இலக்கம், பெயர், அளவு ஆகியவற்றை அச்சிட வேண்டும். ஐந்து அமைப்புகளில் ஒன்றை மனதில் வைத்து எழுதப்பட்ட நிரல், மற்ற நான்கில் குறைந்தது மூன்றில் தோற்றுப்போகும் என்று காட்டினார். அதாவது தகவல் மாறவில்லை, உண்மை மாறவில்லை, அடுக்கிய விதம் மட்டும் மாறியது. அதற்கே நிரல் உடைந்தது.

அந்த ஐந்தாவது அமைப்பைத் திரும்பப் பாருங்கள். பாகம் ஒரு பட்டியல். திட்டம் ஒரு பட்டியல். ஒதுக்கீடு மூன்றாவது பட்டியல். எதுவும் எதற்கும் கீழ்ப்பட்டதல்ல. இன்று எமது பிள்ளைகள் எழுதும் மாணவர் அட்டவணை, பாட அட்டவணை, நடுவே இணைப்பு அட்டவணை என்ற வடிவம் அதுதான். ஒதுக்கப்பட்ட அளவு என்ற விபரம் ஒதுக்கீட்டுப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. அது பாகத்துக்கும் சொந்தமில்லை, திட்டத்துக்கும் சொந்தமில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்துக்குத்தான் சொந்தம். ஒரு மாணவர் ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியும் அப்படியே.

எமது பிள்ளைகள் பரீட்சையில் எழுதும் 'முதன்மைச் சாவி', 'அந்நியச் சாவி' என்ற இரண்டு சொற்களும் அந்தக் கட்டுரையில் இடம்பெற்றவை. ஒவ்வொரு மாணவரையும் பிரித்தறியும் இலக்கம் முதன்மைச் சாவி. அந்த இலக்கம் வேறோர் அட்டவணையில் போய் நிற்கும்போது அது அந்நியச் சாவி. இணைப்பு அட்டவணையில் இரண்டு அந்நியச் சாவிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

5. இணைத்தல் என்றால் என்ன? கையால் செய்து பார்ப்போம்

மாணவர் அட்டவணை:
101 – பாத்திமா
102 – ரிஸ்வான்
103 – அஸ்மா

பாட அட்டவணை:
1 – புவியியல்
2 – சித்திரம்
3 – மனைப் பொருளியல்

இணைப்பு அட்டவணை (மாணவர் இலக்கம், பாட இலக்கம்):
101 – 1
101 – 2
102 – 1
103 – 2
103 – 3

சித்திரம் படிப்பவர்கள் யார்? பாட அட்டவணையில் சித்திரத்தின் இலக்கம் 2. இணைப்பு அட்டவணையில் 2 உள்ள வரிகளைப் பார்த்தால் 101, 103. மாணவர் அட்டவணையில் அவை பாத்திமா, அஸ்மா. முடிந்தது.

பாத்திமா என்ன படிக்கிறார்? மறுபக்கமாக வாருங்கள். 101. இணைப்பில் 1, 2. பாடத்தில் புவியியல், சித்திரம்.

எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் ஒரே அட்டவணை விடை தருகிறது. ரிஸ்வான் நாளை சித்திரமும் எடுத்தால் '102 – 2' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பாத்திமாவின் முகவரி மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். பாடத்தின் பெயரைப் பிழையாகத் தட்டும் வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அது ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சாதாரண கொப்பியில் மூன்று பக்கங்களில் கோடு போட்டு இதைச் செய்து பார்க்கலாம். ஒன்பதாம் தரப் பிள்ளைக்கும் புரியும்.

6. கொட் எச்சரித்த பொறி

அதே 1970 கட்டுரையில் இன்னொரு எச்சரிக்கை இருக்கிறது. இணைப்பை வைத்துத் தவறான முடிவுக்கு வருவதை கொட் ஒரு பொறி என்று அழைத்தார். அவருடைய உதாரணத்தில் ஒரு வழங்குநர் ஒரு பாகத்தை வழங்குகிறார், அந்தப் பாகம் ஒரு திட்டத்தில் பயன்படுகிறது. ஆகவே அந்த வழங்குநர்தான் அந்தத் திட்டத்துக்குக் கொடுத்தார் என்று முடிவு செய்யலாமா? முடியாது. அதே பாகத்தை இன்னொரு வழங்குநரும் கொடுத்திருக்கலாம்.

பாடசாலையில் இதே பொறி நேரசூசியில் காத்திருக்கிறது. கணிதம் கற்பிக்க இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவர் 10அ வகுப்புக்கு, மற்றவர் 10ஆ வகுப்புக்கு. செயலியில் 'ஆசிரியர் – பாடம்' என்று ஓர் இணைப்பு அட்டவணை, 'பாடம் – வகுப்பு' என்று இன்னோர் இணைப்பு அட்டவணை வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே சரி. இரண்டையும் இணைத்தவுடன் இரண்டு ஆசிரியர்களும் இரண்டு வகுப்புகளுக்கும் கணிதம் கற்பிப்பதாகத் திரை சொல்லும். இரண்டு உண்மைகளைச் சேர்த்தோம், பொய் ஒன்று பிறந்தது.

இதற்குத் தீர்வு, ஆசிரியர், பாடம், வகுப்பு மூன்றையும் ஒரே வரியில் வைக்கும் இணைப்பு அட்டவணை. கொட் தமது கட்டுரையில் வழங்குநர், பாகம், திட்டம், அளவு என்று நான்கு நிரல்களுடன் ஓர் உறவைக் காட்டியதும் இதே வகைதான். எத்தனை பேர் சேர்ந்து ஒரு விடயம் உண்மையாகிறதோ, அத்தனை பேரும் அந்த வரியில் இருக்க வேண்டும். இந்த ஒரு பாடத்தை மட்டும் எமது பிள்ளைகள் கற்றுக்கொண்டாலும் இந்தப் பதிவு எழுதியதற்குப் பலன் உண்டு.

7. விவாதமும் மொழியும் வைர வடிவமும்

1974இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் நகரில் ஒரு செயலமர்வு நடந்தது. அங்கே பக்மனின் தரப்பும் கொட்டின் தரப்பும் நேருக்கு நேர் விவாதித்தன. சங்கிலியைப் பின்தொடரும் முறை வேகமானது, நடைமுறையில் நிரூபிக்கப்பட்டது என்பது ஒரு பக்கம். என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், எப்படி எடுப்பது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்பது மறுபக்கம்.

அதே செயலமர்வில் ஐபிஎம்மின் இரண்டு இளம் ஆய்வாளர்கள், டொனால்ட் சம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும், சீக்வல் என்ற ஒரு வினவல் மொழியை முன்வைத்தார்கள். கணிதக் குறியீடு தெரியாதவரும் ஆங்கில வசனம் போல எழுதிக் கேட்கலாம் என்பது அவர்களுடைய நோக்கம். பொய்ஸ் அதே ஆண்டில் இளவயதிலேயே காலமானார். வர்த்தகப் பெயர்ச் சிக்கலால் மொழியின் பெயர் எஸ்கியூஎல் என்று சுருங்கியது. 1979இல் ஒரகிள் அதை வர்த்தகச் சந்தைக்குக் கொண்டு வந்தது. 1981இல் கொட்டுக்கும் டியூரிங் விருது கிடைத்தது. 1986இல் எஸ்கியூஎல் அமெரிக்க நியமமானது. இன்று நாம் எழுதும் 'ஜொயின்' என்ற கட்டளை 1992ஆம் ஆண்டு நியமத்தில்தான் அந்த வடிவில் சேர்ந்தது. அதற்கு முன்னர் அட்டவணைப் பெயர்களைக் காற்புள்ளி போட்டு எழுதி, நிபந்தனைப் பகுதியில் சாவிகளைப் பொருத்தினார்கள். ஒரு நிபந்தனையை மறந்தால் ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு பாடத்துடனும் சேர்ந்து வந்துவிடுவார்கள். 500 மாணவரும் 20 பாடமும் என்றால் 10,000 வரிகள்.

இதற்கிடையில் 1976இல் பீற்றர் சென் ஒரு கட்டுரை வெளியிட்டார். உயர்தரப் பிள்ளைகள் கொப்பியில் வரையும் வரைபடம், அதாவது பெட்டிக்குள் பொருளும் வைர வடிவத்துக்குள் உறவும் வரும் படம், அவர் தந்தது. அவருடைய உதாரணங்களில் ஊழியரும் திட்டமும் உண்டு. ஓர் ஊழியர் ஒரு திட்டத்துக்குத் தமது நேரத்தில் எத்தனை வீதத்தைச் செலவிடுகிறார் என்ற விபரம் அந்த உறவுக்கே உரியது என்று அவர் காட்டினார். உறவுக்கும் தனக்கென்று பண்புகள் இருக்கலாம் என்பதை ஒரு படமாகவே காட்டியது அவருடைய பெரிய பங்களிப்பு. அந்த வைரம்தான் தரவுத்தளத்துக்குள் போகும்போது இணைப்பு அட்டவணையாக மாறுகிறது.

8. இணையத்துக்கு வந்தபோது

1995 அளவில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் பிஎச்பி மொழியும் வெளிவந்தன. இரண்டையும் இலவசமாகப் பாவிக்க முடிந்ததால் உலகெங்கும் சிறு ஊர்களில் இருந்தவர்களும் இணையத்தளம் செய்யத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் போகாதவர்களும் தரவுத்தளம் எழுதினார்கள். அது நல்ல விடயம். ஆனால் அன்றைய மைஎஸ்கியூஎல் வழமையாகப் பாவித்த மைஐசாம் என்ற சேமிப்பு முறை அந்நியச் சாவியைச் சரிபார்க்கவில்லை. மாணவரை அழித்தாலும் இணைப்பு அட்டவணையில் அவருடைய வரிகள் அநாதையாகக் கிடக்கும். 2010இல் வந்த 5.5 பதிப்பிலிருந்துதான் சாவிகளைச் சரிபார்க்கும் இன்னோடிபி வழமையான முறையானது.

வேர்ட்பிரஸ் நல்ல உதாரணம். அதன் மூதாதையான பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளில் ஒரு பதிவுக்கு ஒரே ஒரு வகைதான். வகையின் இலக்கம் பதிவின் அட்டவணையிலேயே ஒரு நிரலாக இருந்தது. ஒரு பதிவைப் பல வகைகளில் போட வேண்டும் என்ற தேவை வந்ததும் 2004இல் வேர்ட்பிரஸ் பதிவையும் வகையையும் இணைக்கும் தனி அட்டவணையை வைத்தது. 2007இல் குறிச்சொற்களும் சேர்ந்தபோது அந்த அட்டவணையும் மாற்றப்பட்டு, எந்த வகைப் பாகுபாட்டுக்கும் பொதுவான இணைப்பு அட்டவணை வந்தது. ஒரு நிரல், பிறகு ஓர் இணைப்பு, பிறகு பொது இணைப்பு. தேவை வளர வளர நடு அட்டவணை வளர்ந்தது.

2004இல் ரூபி ஒன் ரெயில்ஸ், 2005இல் ஜாங்கோ, 2011இல் லாரவெல் என்று சட்டகங்கள் வந்தன. இவை எஸ்கியூஎல்லை நிரலாளரின் கண்ணுக்கு மறைத்தன. மாணவருக்குப் பல பாடம், பாடத்துக்குப் பல மாணவர் என்று ஒரு வரி எழுதினால் நடு அட்டவணையைச் சட்டகமே பார்த்துக்கொள்ளும். ரெயில்ஸும் லாரவெல்லும் அதன் பெயரைக்கூட இரண்டு பெயர்களையும் ஆங்கில அகர வரிசையில் சேர்த்துத் தாமே ஊகித்துக்கொள்ளும்.

வசதிதான். ஆனால் பெயரில்லாத நடு அட்டவணைக்குள் எதையும் எழுத முடியவில்லை. எப்போது சேர்ந்தார்? யார் அனுமதித்தார்? எத்தனை புள்ளி? ஆகவே ரெயில்ஸ் 2006இல் நடு அட்டவணைக்குத் தனிப் பெயரும் தனி வகுப்பும் கொடுத்து அதனூடாகப் போகும் முறையைச் சேர்த்தது. ஜாங்கோ 2008இல் தனது 1.0 பதிப்பில் அதே வசதியைக் கொடுத்தது. லாரவெல் நடு அட்டவணையை 'பிவட்' என்று அழைத்து, மேலதிக நிரல்களைக் கேட்டு வாங்கும் வழி வைத்தது. சென் 1976இல் வைரத்துக்குள் எழுதியதை முப்பது வருடங்களுக்குப் பிறகு இணையச் சட்டகங்கள் மீண்டும் கண்டுபிடித்தன என்றே சொல்ல வேண்டும்.

9. சட்டகம் மறைக்கும் இரண்டு ஆபத்துகள்

இதை லாரவெல் பாவிக்கும் எமது பிள்ளைகள் கவனமாக வாசிக்க வேண்டும்.

முதலாவது, 'சிங்க்' என்ற கட்டளை. ஒரு மாணவருடைய பாடங்களின் பட்டியலைக் கொடுத்தால் அது நடு அட்டவணையை அந்தப் பட்டியலுக்கு ஏற்ப மாற்றும். பட்டியலில் இல்லாத பாடங்களின் வரிகளை அழித்துவிடும். நடு அட்டவணையில் புள்ளிகளையும் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாடத் தெரிவுப் படிவத்தில் யாரோ ஒரு சரி அடையாளத்தைத் தவறுதலாக எடுத்துவிட்டுச் சேமித்தால் அந்த வரியோடு இரண்டு வருடப் புள்ளிகளும் போய்விடும். மீண்டும் அடையாளமிட்டால் பாடம் திரும்பி வரும், புள்ளி வராது. கட்டளையில் பிழை இல்லை. அது சொன்னதைத்தான் செய்கிறது. புள்ளியை அந்த இடத்தில் வைத்துவிட்டு அந்தக் கட்டளையைப் பாவிப்பதுதான் பிழை.

இரண்டாவது, வேகம். நாற்பது மாணவரின் பட்டியலை எடுத்துவிட்டு, சுழற்சிக்குள் ஒவ்வொருவரின் பாடங்களையும் கேட்டால் தரவுத்தளத்துக்கு 41 வினவல்கள் போகும். வகுப்புக்கு இது தெரியாது. முழுப் பாடசாலைக்கும் ஓடினால் திரை உறைந்துவிடும். எல்லாச் சட்டகங்களிலும் இதற்கு மருந்து உண்டு. மாணவர்களுடன் பாடங்களையும் சேர்த்து முன்கூட்டியே எடுக்கச் சொன்னால் இரண்டு அல்லது மூன்று வினவல்களில் முடியும். சட்டகம் என்ன எஸ்கியூஎல் எழுதுகிறது என்று ஒருமுறையாவது திறந்து பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான் தேவை.

10. இது எமக்கு ஏன்?

எமது ஊரில் ஒருவர் ஒரே ஒரு பட்டியலுக்குள் அடங்குவதில்லை. ஒரே பிள்ளை பாடசாலை மாணவர், நூலக அங்கத்தவர், விளையாட்டுக் கழக வீரர். ஒரே தந்தை இரண்டு சங்கங்களில் அங்கத்தவர், ஒன்றில் பொருளாளர். ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருக்கும். வெள்ளம் வந்து உதவிப் பொருள் பகிரும்போது வீட்டுக்கு ஒரு பெயர் என்று பட்டியல் எழுதினால் இரண்டாவது குடும்பம் விடுபடும். பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு முறை போய் இன்னொன்றுக்கு ஒன்றும் போகாது. அங்கே பட்டியலில் வரும் பிழை யாரோ ஒருவருடைய சாப்பாட்டில் வரும் பிழை. சாதாரண தர விண்ணப்பம் அனுப்பும் காலத்தில் தொகுதிப் பாடம் பிழைத்தால் அது ஒரு பிள்ளையின் பரீட்சையில் வரும் பிழை.

ஆகவே செயலி செய்து தரும் தம்பி, தங்கையரிடம் எமது வேண்டுகோள் இவை.

பலருக்குப் பலர் என்ற உறவைக் கண்டால் உடனே நடு அட்டவணை வையுங்கள். காற்புள்ளி வேண்டாம்.

அந்த அட்டவணைக்கு ஒரு பெயர் கொடுங்கள். 'மாணவர்_பாடம்' என்பதைவிட 'பாடப் பதிவு' நல்லது. 'அங்கத்தவர்_சங்கம்' என்பதைவிட 'அங்கத்துவம்' நல்லது. பெயர் கிடைத்தவுடன் அதற்குள் என்ன விபரம் வர வேண்டும் என்பது தானாகவே தெரியும்: சேர்ந்த திகதி, விலகிய திகதி, பதவி.

ஒரே சோடி இரண்டு முறை பதிவாகாதபடி தரவுத்தளத்திலேயே தடை போடுங்கள். அந்நியச் சாவிகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். திரையில் மட்டும் தடுத்தால் போதாது.

விலகியவரின் வரியை அழிக்காதீர்கள். விலகிய திகதியை எழுதுங்கள். பத்து வருடங்களுக்குப் பிறகு பாடசாலையின் வரலாற்றை எழுத வருபவர் அந்த வரியைத்தான் தேடுவார்.

மூன்று பேர் சேர்ந்தால்தான் உண்மையாகும் விடயத்தை இரண்டு இரண்டாகப் பிரிக்காதீர்கள். நேரசூசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

செயலியைக் கேட்டு வாங்கும் அதிபர்கள், சங்க நிர்வாகிகள், பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. செயலியைக் கையேற்கும் நாளில் நிறத்தைப் பற்றியும் எழுத்துருவைப் பற்றியும் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். "இந்தப் பிள்ளை என்னென்ன பாடம்? இந்தப் பாடத்தில் யார் யார்? போன வருடம் இந்தப் பாடத்தில் இருந்து விலகியவர் யார்?" மூன்றுக்கும் உடனே விடை வந்தால் அந்தச் செயலிக்குள் மூன்றாவது அட்டவணை ஒழுங்காக இருக்கிறது என்று நம்பலாம். விடை தடுமாறினால் பிள்ளையைக் குறை சொல்லாமல் இந்தப் பதிவைக் கொடுத்து, ஒரு கொப்பியில் மூன்று பக்கம் கோடு போட்டுத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

உயர்தர மாணவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இதைப் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.